தமிழில் மருத்துவம் வளர்த்த கிறீன்

தமிழ் பாடசாலைக் கல்விக்குப் போதுமானது, உயர் அறிவியலுக்குப் போதாது என்னும் எண்ணம் எம்மவர் பலரிடம் இன்றும் வேரூன்றியிருக்கின்றது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே இவ்வெண்ணத்தை யாழ்ப்பாணத்து மானிப்பாயில் செயலால் மறுத்தவர், அமெரிக்கரான டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார்.

1822 ஒக்டோபர் 10 இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் பிறந்த அவர், நியூயோர்க்கில் மருத்துவம் கற்று 1845 இல் பட்டம் பெற்றார். அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்தவர், மறு ஆண்டில் மானிப்பாயில் பணியைத் தொடங்கி, நோயாளரைப் பராமரித்ததோடு மாணவர்க்கு மேலைத்தேச மருத்துவமும் போதித்தார். மதம் பரப்பும் பணியின் ஒரு கூறாகவே அவர் வந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர் விட்டுச் சென்ற மருத்துவ நூல்கள் எல்லா மதத்தவர்க்கும் பொதுவானவை.

தொடக்கத்தில் அவரும் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால் ஆங்கிலம் கற்றவர்கள் உத்தியோகம் தேடி வெளியூர் செல்வர், தமிழில் கற்றவர்களே கிராமத்தில் நிலைத்துத் தம் மக்களுக்கு உதவுவர் என்ற முடிவுக்கு அவர் வந்தார். தாயகம் சென்று 1862 இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபின் தமிழையே போதனா மொழியாக்கினார். அவரிடம் பயின்ற அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களுள் ஏறத்தாழ அரைவாசிப் பேர் தமிழிலேயே மருத்துவம் கற்றவர்கள்.

கற்பிப்பதற்கு நூல்கள் வேண்டுமல்லவா? மாணவர்களின் துணையுடன் அவற்றையும் அவரே ஆக்கினார். சத்திர சிகிச்சை பற்றிய 'இரண வைத்தியம்' 1867 இலும், உடலமைப்பியல் பற்றிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872 இலும், இரசாயனம் பற்றிய 'கெமிஸ்தம்' 1875 இலும், உடற்றொழிலியல் பற்றிய 'மனுஷ சுகரணம்' 1883 இலும் வெளிவந்தன. வழக்கிலிருந்த சொல்லை ஏற்றும், வடமொழியிலிருந்து பெற்றும், இயலாதவிடத்துப் பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைவித்தும் கலைச்சொற்களை அவர் அமைத்தமையை இத்தலைப்புகளே காட்டும். அப்பாசியர் காலத்துப் பக்தாதில், கிரேக்க மருத்துவர் கலனின் நூல்களை ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அரபியில் தந்ததும் இத்தகைய பணியே. பின்வந்த இப்னு சீனா போன்றோர் எழுப்பிய மருத்துவ மாளிகைக்கு அம்மொழிபெயர்ப்புகள் அத்திவாரமாயின.

1873 இல் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றபின்னரும் கிறீன் தமிழை விடவில்லை. கடல் கடந்திருந்தும் மொழிபெயர்ப்புப் பணியைத் தொடர்ந்த அவர் 1884 மே 28 இல் காலமானார். தமக்கும் தமிழர்க்கும் இருந்த உறவே தமது கல்லறையில் பொறிக்கப்பட வேண்டுமென அவர் விரும்பினார். மானிப்பாய் வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

பெயர் நிலைத்தது, வழி நிலைக்கவில்லை. 1870 இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பாடசாலை ஆங்கிலவழியில் அமைந்தது. 1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உருவான மருத்துவ பீடத்தின் போதனா மொழியும் ஆங்கிலமே.

கலங்கள் முன்னுள்ள கலங்களிலிருந்தே தோன்றுகின்றன என்பது கிறீன் காலத்தில் அறியப்பட்டிருந்தது. அவற்றைப் பெருகத் தூண்டுவது எது என்பது அறியப்படவில்லை. அத்தகைய வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்தமைக்காக றீற்றா லெவி மொந்தால்சினியும் ஸ்ரான்லி கோஹனும் 1986 இல் நோபல் பரிசு பெற்றனர். அவற்றுள் ஒன்றான மேற்றோல் வளர்ச்சிக் காரணி 53 அமினோ அமிலங்களாலான சிறு புரதம். அதற்குரிய மனித மரபணுவை நுண்ணுயிரியிற் புகுத்தி அதனைக் கொண்டே அப்புரதத்தை ஆக்குவிக்கும் முறை மீளச்சேர்க்கை எனப்படும். இவ்வாறு பெறப்படும் புரதம் உலகெங்கும் ஆய்வுகூடங்களில் கலங்களை வளர்க்கப் பயன்படுகின்றது. நீரிழிவால் காலில் ஏற்படும் ஆறாப் புண்ணுக்கான ஊசிமருந்தாக 2006 இல் கியூபா அதனைப் பதிவு செய்தது.

நீரிழிவு வருத்தாத வீடு எம்மிடையே அரிது. கால் புண்ணுடன் வைத்தியசாலை செல்லும் எமது முதியவருக்கு இத்தகைய சிகிச்சை விளங்கவேண்டுமாயின், அதனை அவர் மொழியில் விளக்கச் சொல் வேண்டும். விளங்காத சிகிச்சைக்கு அவர் இடும் கையொப்பம் முழுமையான சம்மதமாகுமா?

ஆங்கிலத்தைத் தள்ளிவிடுமாறு நாம் கூறவில்லை. ஆங்கிலத்தில் பயிலும் எமது வைத்தியர்களும் ஆய்வாளர்களும், கற்றவற்றுள் ஒரு பகுதியையேனும் தமிழில் எழுதித் தருவதைக் கடமையாகக் கொள்ள வேண்டும் என்றே கேட்கின்றோம். அயல்நாட்டார் ஒருவர் தனித்துத் தொடங்கிய பணியை, பல்கலைக்கழகமும் மருத்துவ பீடமும் பெற்றுள்ள நாம் தொடர இயலாதென்பது ஏற்கத்தக்க காரணமன்று.