கண்புரைக்கு கேஸ் ஷீட் எழுதவைத்த தஞ்சை ராஜா: யார் இந்த இரண்டாம் சரபோஜி?

கணபதி பக்கம் வீட்டில் நாய் வளர்க்கிறவரா நீங்க? எட்டு, ஒன்பது வயதானதும் அதன் கண்ணுக்குள் பால் கலந்த மாதிரி ஒரு வெண்மை தெரியலாம். வயதால் வரும் மங்கல் என்றால் பெரும்பாலும் பார்வை போகாது. கண்புரை என்றால் போகும். இன்று அதற்கு ஆபரேஷன் உண்டு. அல்ட்ராசவுண்ட் அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சிவிட்டு, செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். மனிதருக்குச் சுமார் 20 டயாப்டர் திறனுள்ள லென்ஸ் போதும். நாய்க்கு 41 வேண்டும். கால்நடைக் கண் மருத்துவர்கள் மாநாடு கூட்டினால் பேச்சு நீள்வது இந்த மாதிரி விஷயங்களில்தான்.

மனிதருக்கும் விலங்குக்கும் ஒரே கூரையின் கீழ் மருந்து செய்யவைத்து, கண்புரை சிகிச்சையை எழுத்தில் பதிவு செய்த ஒருவர் 200 வருடங்களுக்கு முன் தஞ்சாவூரில் இருந்தார். அவர் டாக்டர் இல்லை, ராஜா.

அதிகாரம் இல்லாத அரியணை

இரண்டாம் சரபோஜி பிறந்தது 1777இல். தஞ்சை மராத்திய மன்னர் துளஜா, வாரிசு இல்லாமல் சாகக் கிடந்தபோது, 1787இல் இந்தப் பையனைத் தத்தெடுத்தார். ஆனால் அரியணையில் அமர்ந்தது துளஜாவின் தம்பி அமர்சிங். பையனை அடைத்து வைத்தார், படிக்கக்கூட விடவில்லை. டேனிஷ் மிஷனைச் சேர்ந்த ஜெர்மன் பாதிரியார் ஷ்வார்ட்ஸ் தலையிட்டுத்தான் அவனைக் காப்பாற்றினார். பிறகு சென்னைக்கு அனுப்பப்பட்டு, அங்கே ஐரோப்பிய முறையில் படிப்பு.

1798இல் ஒருவழியாக அரியணை கிடைத்தது. அடுத்த வருஷமே போய்விட்டது என்றும் சொல்லலாம். 1799 ஒப்பந்தப்படி நிர்வாகம் முழுக்க கிழக்கிந்திய கம்பெனி கையில். ராஜாவுக்கு மிஞ்சியது கோட்டையும் அதன் சுற்றுப்புறமும், ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர பகோடா, நிலவருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. அப்போது அவருக்கு வயது 22. கையில் பணம் உண்டு, நேரம் உண்டு, ஆள ஊர் இல்லை. இப்படி உட்காரவைக்கப்பட்ட பல ராஜாக்கள் என்ன செய்தார்கள் என்று நமக்குத் தெரியும். சரபோஜி புத்தகம் வாங்கினார். ஆயிரக்கணக்கில் வாங்கி, ஆங்கிலத்தில் கையெழுத்தும் போட்டு வைத்தார். 1826இல் அவரைச் சந்தித்த பிஷப் ஹீபர், வேதியியல் மேதை லவாய்சியே பற்றியும் உயிரியல் மேதை லின்னேயஸ் பற்றியும் அவர் சரளமாகப் பேசியதைக் கேட்டு அசந்துபோனார். குதிரையை எடைபோடுவதிலும் ராஜா கெட்டிக்காரர் என்று ஆங்கிலேய அதிகாரிகளிடம் பெயர் இருந்ததையும் குறித்து வைத்திருக்கிறார்.

தன்வந்திரி மஹாலில் என்ன நடந்தது?

அந்த மருந்துக்கூடத்துக்கு அவர் வைத்த பெயர் தன்வந்திரி மஹால். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய வைத்தியம் எல்லாம் அங்கே ஒன்றாகப் பழகின. சோதித்துப் பார்த்த முறைகள் பிற்பாடு ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்ற பெயரில் தொகுதிகளாக அச்சாயின. அதில் கண் நோய்க்கே தனி நூல் உண்டு. சரஸ்வதி மஹால் நூலகச் சுவடிகளில் யானை, குதிரை வைத்திய நூல்களும் இருக்கின்றன.

நிஜமான ஆச்சரியம் கண்புரை. அந்தக் காலத்தில் நம் ஊரில் புழங்கிய முறை, ஊசியை உள்ளே விட்டு, வெளுத்த லென்ஸை விழிக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவது. வெளிச்சம் உடனே தெரியும். ஆனால் லென்ஸ் உள்ளேயே கிடக்கும். சீழ் பிடித்தால் கண்ணே போய்விடும். மரத்துப்போக மருந்து கிடையாது. கண்ணுக்கு கோகெய்ன் சொட்டு வந்தது 1884இல்தான். நோயாளி முழு உணர்வோடு ஆடாமல் உட்கார வேண்டும்.

இப்படிப்பட்ட காலத்தில், வந்தவர் யார், என்ன குறை, என்ன சிகிச்சை, பிறகு எப்படி இருந்தார் என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். கண்ணை வரைந்த ஓவியங்களும் உண்டு. ராஜா போகிற இடமெல்லாம் அறுவைப் பெட்டியோடு போனார், ஊசியைப் பிடித்தவரே அவர்தான் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இருக்கலாம். எனக்கு என்னவோ, ஊசியைப் பிடித்தது யார் என்பதைவிட பேனாவைப் பிடிக்கவைத்ததுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. சிகிச்சை கைகொடுத்ததா, சொதப்பியதா என்று எழுதி வைத்தால்தானே அடுத்த டாக்டர் அதிலிருந்து ஏதாவது கற்றுக்கொள்ள முடியும்? வைத்தியத்தைக் குடும்ப ரகசியமாகப் பொத்தி வைக்கும் வழக்கம் இருந்த ஊரில் இது சாதாரண காரியம் இல்லை.

1832 மார்ச் 7இல் சரபோஜி இறந்தார். அவர் மகன் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் 1855இல் இறந்ததும், மிச்சமிருந்த பட்டத்தையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. நூலகம் மட்டும் தப்பியது. 1918இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்தக் கண் சிகிச்சைக் குறிப்புகள் வெளியுலகத்தின் கவனத்துக்கு வந்தது 2003இல். சரபோஜியின் வழிவந்த இளவரசரும் சங்கர நேத்ராலயா நிறுவனர் டாக்டர் பத்ரிநாத்தும் சந்தித்துப் பேசியபோதுதான், அந்தத் தாள்கள் என்னவென்று ஒரு கண் மருத்துவரின் பார்வைக்கு வந்தன.