கழற்றிக் கற்றவர்

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் கோபால்சாமியின் மகனாகத் துரைசாமி பிறந்தார். ஜி.டி.நாயுடு என்று பின்னாளில் நாடறிந்த அவருக்குப் பள்ளிக்கூடம் சிறிதும் ஒட்டவில்லை. தொடக்கக் கல்வியோடு படிப்பை விட்டுத் தந்தையின் நிலத்தில் உழைக்கச் சென்றார்.

அக்காலத்தில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அவ்வூர்ப் பக்கம் வந்தார். மாடோ குதிரையோ இழுக்காமல் ஓடிய வண்டி ஊராருக்கு வேடிக்கைப் பொருளாயிற்று. துரைசாமிக்கோ அதன் உள்ளே இருப்பது யாது என்று அறியும் வேட்கை பிறந்தது.

இவ்வேட்கை உடைய இளைஞருக்கு இன்று வழி உண்டு. தொழிற்பயிற்சி நிலையத்தில் விண்ணப்பித்துத் தமக்குரிய தொழிற்பிரிவைத் தேர்ந்துகொள்ளலாம். பயிற்சி முடிந்தபின், 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி, உதவித்தொகை பெற்றுக்கொண்டே தொழிற்சாலையில் பழகலாம். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, திருச்சி பெல் நிறுவனம், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் முதலியன அவ்வாறு பழகுநரைச் சேர்த்துக்கொள்கின்றன. ஒரு நூற்றாண்டுக்கு முன் நிலைமை வேறு. கொல்லர் மகன் உலைக்களத்திலும் தச்சர் மகன் இழைப்புளியோடும் வளர்ந்தனர். தொழில் குடும்பத்துக்குள்ளேயே கைமாறியது. உழவர் வீட்டுப் பிள்ளை இயந்திரம் கற்க வேண்டுமானால் எந்தக் கதவைத் தட்டுவது? மோட்டார்ப் பட்டறை என்பதே அரிதாக இருந்த காலம் அது.

துரைசாமி கோவைக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். அவருக்கு வேண்டியது வேலையன்று, அந்த வண்டி. ஊதியத்தைச் செலவழிக்காமல் சேர்த்துவைத்து, அதை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஊர்சுற்றப் புறப்படவில்லை. ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். எளிதாகத் தோன்றும் இச்செயலில் ஒரு பாடத்திட்டமே அடங்கியிருக்கிறது. கழற்றிய வரிசை நினைவில் இருந்தால்தான் அதைத் தலைகீழாக்கிப் பொருத்த முடியும். பூட்டி முடித்தபின் ஒரு திருகாணி மிஞ்சினால் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது. திருவண்ணாமலையிலோ தென்காசியிலோ, எந்த ஊர்ப் பட்டறையில் சேரும் சிறுவனும் இன்றும் இப்பாடத்தையே முதலில் படிக்கிறான். ஆனால் அவனைத் திருத்த ஒரு மேஸ்திரி அருகில் இருக்கிறார். துரைசாமிக்கு அவரும் இல்லை.

இடையில் பருத்தி வணிகம் செய்து பொருளை இழந்தார். 1920இல், கோவைத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் செய்த உதவியுடன் ஒரு பேருந்து வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். ஓட்டுநரும் அவரே, பழுது பார்த்தவரும் அவரே. அந்த ஒற்றை வண்டி, சில ஆண்டுகளில் யூ.எம்.எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் பீளமேட்டிலிருந்த அவருடைய தொழிற்சாலையில், பாலசுந்தரம் என்பாரின் திறத்தால், இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் உருவாயிற்று. சவரக்கருவி, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப்பதிவு இயந்திரம் என்று அவர் ஆக்கியவற்றின் பட்டியல் நீளும்.

இவற்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது 1945இல் நிகழ்ந்தது. அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. அவற்றுக்கு அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயர் சூட்டப்பட்டது. பள்ளிப் படிப்பை முடிக்காத நாயுடுவே கல்லூரியின் முதல்வரானார். நான்கு ஆண்டுப் படிப்பு மாணவரின் காலத்தை வீணாக்குவது, இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவர் கொள்கை. அரசு அதை ஏற்கவில்லை. தாம் நம்பாத ஒன்றை நடத்த விரும்பாமல் அவர் பதவியைத் துறந்தார்.

இவ்வழக்கில் ஒரு பக்கம் மட்டுமே சரி என்று தீர்ப்பளிப்பது கடினம். பாலம் கட்டுபவருக்கும் அணை கட்டுபவருக்கும் கணிதமும் இயற்பியலும் ஆழமாகத் தேவை. அவை விரைந்து கைவருவன அல்ல. நாயுடுவின் கூர்மை எல்லார்க்கும் வாய்ப்பதும் அன்று. எனினும் கைத்திறனைப் பொறுத்தவரை அவர் கணக்கு தவறவில்லை. இன்றைய தொழிற்பயிற்சி நிலையங்களில் பொருத்துநர், மின்பணியாளர், மோட்டார் வாகனப் பணியாளர் ஆகியோருக்கான பயிற்சிக்காலம் இரண்டு ஆண்டுகளே. வறிய வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு ஆண்டு மிச்சமாவது சிறு செய்தியன்று. விடுதியில் உணவு பரிமாறிக் கல்விக்குப் பொருள் சேர்த்தவர் அதை நன்கு உணர்ந்திருப்பார்.

1952இல் அவர் இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் அமரும் சிறு கார் ஒன்றை உருவாக்கினார். அரசின் உரிமம் கிடைக்காமையால் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. 1967இல் கோவையில் தொழிற்கண்காட்சி ஒன்றை நிறுவினார். 1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் மறைந்தார். அவர் விலகி வந்த கல்லூரி, அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரில் தடாகம் சாலையில் இயங்கிவருகிறது. அங்குப் பொறியியல் பட்டப்படிப்பின் காலம் இன்றும் நான்கு ஆண்டுகள்தாம்.