வெள்ளை உடுப்புக்காரர்



போர்வீரர்கள் சண்டை பிடித்த கதைகளைப் பாடப் புத்தகங்களில் வாசித்திருப்பீர்கள். சண்டை முடிந்த அடுத்த நாள் அவர்களுக்கு என்ன நடக்கிறது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா? அதை நேரில் பார்த்து, பார்த்ததை மறக்க முடியாமல் போன ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். நாங்கள் வாழும் இந்தச் சுவிஸ் நாட்டுக்காரர். பெயர் ஹென்றி டுனான்ட்.

1828 மே 8ஆம் திகதி ஜெனீவாவில் பிறந்தார். பக்தியுள்ள குடும்பம். அனாதைப் பிள்ளைகளுக்கும் சிறையிலிருந்து விடுதலையாகி வந்தவர்களுக்கும் உதவுவது தகப்பனாரின் பணி. தாயார் ஏழைகளையும் நோயாளிகளையும் தேடிப் போய்ப் பார்ப்பார். மகன் படிப்பில் கெட்டிக்காரர் அல்ல. புள்ளிகள் போதாமல் பாடசாலையை விட்டு ஒரு வங்கியில் வேலை பழகினார். (பரீட்சை முடிவோடு அழுதுகொண்டு வரும் பிள்ளைகள் இந்த வரியை அம்மாவிடம் காட்டலாம்.) ஆனால் நண்பர்களைச் சேர்த்து வேதம் படிப்பதில் அவருக்குச் சலிப்பே இல்லை. 1852இல் ஜெனீவாவில் வை.எம்.சி.ஏ.யைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

பிறகு வியாபாரம். வட ஆபிரிக்காவில் அல்ஜீரியாவிலே நிலம் எடுத்து, தானியம் அரைக்கும் ஆலை போட்டார். ஆலைக்குத் தண்ணீர் உரிமை கிடைக்கவில்லை. அல்ஜீரியா அப்போது பிரான்சின் கையில் இருந்தது. அதிகாரிகள் இழுத்தடிக்க, பேரரசர் மூன்றாம் நெப்போலியனையே பார்த்துவிடுவது என்று புறப்பட்டார். பேரரசரோ வட இத்தாலியில் ஆஸ்திரியாவுக்கு எதிரான போரில் இருந்தார். ஒரு கையெழுத்து வாங்கத்தான் டுனான்ட் அங்கே போனார். வயது 31. வெயிலுக்காக வெள்ளை உடுப்பு.

1859 ஜூன் 24ஆம் திகதி சொல்பெரினோ என்ற இடத்தில் இரு பக்கத்திலும் சேர்த்து ஏறக்குறைய 3 இலட்சம் வீரர்கள் மோதினார்கள். பெரும்பாலும் இளம் வயதுப் பையன்கள், பலர் கமக்காரர்களின் பிள்ளைகள். பிரெஞ்சுப் படையினர் கோப்பி மட்டும் குடித்துவிட்டு நின்றார்கள் என்றும், ஆஸ்திரியர்களுக்குச் சாராயந்தான் கொடுத்திருந்தார்கள் என்றும் டுனான்ட் பின்னால் எழுதினார். கடும் வெயில், பிறகு பெரும் புயல்மழை. அந்த ஒரே நாளில் இறந்தவர்களும் காயப்பட்டவர்களுமாகச் சுமார் 40,000 பேர்.

டுனான்ட் அன்று மாலை பக்கத்தில் உள்ள காஸ்திலியோனே என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். அங்கே சுமார் 9000 காயக்காரர்களைக் கொண்டுவந்து வீடுகளிலும் கோவில்களிலும் தெருக்களிலும் கிடத்தினார்கள். வைத்தியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. உணவு ஊரில் இருந்தும் பசியால் செத்தார்கள், தண்ணீர் இருந்தும் தாகத்தால் செத்தார்கள், ஏனென்றால் கொண்டுபோய்க் கொடுக்கக் கைகள் இல்லை. இரத்தம் நிறையப் போனவருக்கு முதலில் வருவது பயங்கரமான தாகம். தாதியாக வேலை செய்யும் எங்களுக்கு இது தெரியும். டுனான்ட் வைத்தியமும் படிக்கவில்லை, தாதிப் பயிற்சியும் பெறவில்லை, ஆனாலும் முதலில் செய்தது தண்ணீருக்கு ஒழுங்கு. ஊர்ப் பையன்களிடம் வாளிகளையும் குடங்களையும் கொடுத்து ஊற்றுகளுக்கு அனுப்பினார். ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, சுமார் 500 பேர் கிடந்த பெரிய கோவிலில் காயங்களைக் கழுவிக் கட்டினார்.

பிறகு தன் குதிரைவண்டிக்காரரைப் பிரேஷியா நகரத்துக்கு அனுப்பிச் சாமான்கள் வாங்குவித்தார். அந்தப் பட்டியலை வாசித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. தேசிக்காய், தோடம்பழம், சீனி, சேர்ட்டுகள், கட்டுத்துணி, குண்டூசி, பஞ்சுறிஞ்சி, இங்கே வயிற்றுவலிக்கு நாங்கள் குடிக்கிறோமே, அந்தக் கமில்லன் பூ. சுருட்டும் புகையிலையும்கூட! ஒரு வார்ட்டில் இன்று வேலை செய்பவர் சுருட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒத்துக்கொள்வார். ஆனால் அழுகும் காயங்களின் நாற்றத்தை அடக்க அன்று அதுவும் உதவியது.

அங்கே கிடந்தவர்களில் பிரெஞ்சுக்காரர், அரேபியர், ஜெர்மானியர், ஹங்கேரியர் எல்லோரும் இருந்தார்கள். முதல் நாள் ஒருவரையொருவர் சுட்டவர்கள், அடுத்த நாள் ஒரே வைக்கோலில் பக்கத்துப் பக்கமாக. டுனான்ட் ஆள் பார்க்காமல் உதவுவதைக் கண்ட ஊர்ப் பெண்களும் எதிரி, நண்பன் என்று பிரிக்கவில்லை. எல்லோரும் சகோதரர்கள் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்களாம். சிறைப்பிடிக்கப்பட்ட ஆஸ்திரிய வைத்தியர்களை விடுவித்துக் காயக்காரர்களைப் பார்க்க விடும்படி பிரெஞ்சுத் தலைமையிடம் கேட்டதும் டுனான்ட்தான். சாகக் கிடந்தவர்கள் சொன்னதை எழுதி அவர்களுடைய வீடுகளுக்குத் தெரியப்படுத்தினார்.

1862இல் இதையெல்லாம் சொந்தச் செலவில் ஒரு புத்தகமாக அச்சிட்டார். போர் இல்லாத காலத்திலேயே ஒவ்வொரு நாட்டிலும் உதவியாளர்களைப் பயிற்றி வைக்க முடியாதா, காயப்பட்டவர்களையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் தாக்கக்கூடாது என்று நாடுகள் உடன்பட முடியாதா என்று அதில் கேட்டார். 1863இல் ஜெனீவாவில் ஐந்து பேர் கொண்ட குழு கூடியது. அதுதான் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆரம்பம். 1864 ஆகஸ்ட் 22இல் 12 நாடுகள் முதலாவது ஜெனீவா உடன்படிக்கையில் கையெழுத்திட்டன.

அந்தச் சிவப்புச் சிலுவையை எங்கள் சபையில் பலர் ஜெனீவாவில் பார்த்து அறிந்தவர்கள் அல்ல. 1990இல் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியைச் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு தன் பாதுகாப்பில் எடுத்ததையும், 2009இல் வன்னிக் கரையிலிருந்து காயப்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றியதையும் கண்டவர்கள், அந்தக் கப்பலில் போனவர்களின் உறவினர்கள் எங்களோடு இருக்கிறார்கள். அந்த அடையாளத்தை எல்லோரும் எல்லா நேரமும் மதிக்கவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இனி வருவது கவலையான பகுதி. காயக்காரர்களுக்காக ஐரோப்பா முழுவதும் அலைந்த டுனான்ட் வியாபாரத்தைக் கவனிக்கவில்லை. 1867இல் அது முறிந்தது. பங்காளிகளைத் தெரிந்தே ஏமாற்றினார் என்று ஜெனீவா நீதிமன்றம் அடுத்த ஆண்டு தீர்த்தது. அவருக்குப் பரிந்து பேச எனக்கும் ஆசைதான். ஆனால் அவரை நம்பிப் பணம் போட்டவர்கள், அவருடைய சொந்தக் குடும்பம் உட்பட, பெரிய நட்டம் அடைந்தார்கள். செஞ்சிலுவைக் குழு அவரை விலக்கியது. வை.எம்.சி.ஏ.யும் விலக்கியது. ஜெனீவாவை விட்டுப் போனவர் திரும்பி வரவேயில்லை. பாரிசில் கோட்டின் வெளுத்த இடங்களை மையால் கறுப்பாக்கி, கழுத்துப்பட்டியைச் சோக்கால் வெள்ளையாக்கிக்கொண்டு திரிந்தார். தங்க இடமில்லாத இரவுகளும் உண்டு.

கடைசியில் அப்பென்செல் மலையிலுள்ள ஹைடன் கிராமத்துக்கு வந்தார். 1892 முதல் அங்குள்ள சிறிய மருத்துவமனையிலேயே தங்கினார். 1895இல் ஒரு பத்திரிகையாளர் தேடிப் போய் எழுதியபோதுதான் இவர் உயிரோடு இருப்பதே பலருக்குத் தெரிய வந்தது. 1901இல் முதலாவது நோபல் அமைதிப் பரிசை பிரெடெரிக் பாஸி என்ற பிரெஞ்சுக்காரரோடு பகிர்ந்து பெற்றார். கடன்காரர் கைக்குப் போகாதபடி அந்தப் பணம் நோர்வேயில் வைக்கப்பட்டது. அதை அவர் தனக்காகச் செலவழிக்கவில்லை.

1910 அக்டோபர் 30இல் காலமானார். தன்னை ஆதித் திருச்சபைக் காலத்துச் சீடர்களைப்போல இயேசுவின் சீடன் என்றே கருதினார், ஆனால் திருச்சபைகளோடு மனக்கசப்பு. சடங்கு எதுவும் வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார். சபை மலரில் இதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. சூரிச் சில்பெல்ட் சேமக்காலையில் அப்படியே அடக்கம் செய்தார்கள்.

உயிலில் ஒரு கட்டில் இருந்தது. ஹைடன் மருத்துவமனையில் ஊரின் ஏழை நோயாளி ஒருவருக்காக எப்போதும் ஒரு கட்டில் இலவசமாக இருக்க வேண்டும் என்று பணம் ஒதுக்கியிருந்தார். அந்தக் கட்டடத்தில் இப்போது அவருடைய அருங்காட்சியகம் இருக்கிறது. ரோர்ஷாக்கில் இறங்கி மலையேறும் ரயிலில் போகலாம். கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.