ஓட்டை போட்ட அலுமினியத் தகட்டில் வீடு கட்டியவர்... சொந்தத் தொழிற்சாலையையே இழந்தவர்! யார் இந்த ழான் ப்ரூவே?

மெட்ரோ ரயில் நிலையத்தின் சுவர், விமான நிலையத்தின் உட்கூரை, ஐடி அலுவலகக் கண்ணாடிக்கு முன்னால் திரை மாதிரி நிற்கும் வெள்ளித் தகடு... எங்கே பார்த்தாலும் வரிசையாகத் துளை போட்ட அலுமினிய ஷீட்தான். தானியம் சலிக்கும் இயந்திரத்திலும் இதே தகடு, ஜெனரேட்டர் அறையின் சத்தத்தை அடக்கும் பலகையிலும் இதே தகடு. இன்றைக்கு ஆர்டர் கொடுத்தால் வெட்டி, துளைத்து, வளைத்து லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

ஆனால், அலுமினியத் தகட்டை வெட்டி, துளைத்து, மடித்து ஒரு முழு வீட்டையே தொழிற்சாலையில் தயாரித்து அனுப்ப முடியும் என்று 75 வருஷத்துக்கு முன்பே செய்து காட்டியவர் ஒருத்தர் இருந்தார். பிரான்ஸைச் சேர்ந்த ழான் ப்ரூவே. பொறியியல் பட்டம் கிடையாது, கட்டடக் கலைஞர் என்று போட்டுக்கொள்ளச் சான்றிதழும் கிடையாது. அடிப்படையில் இவர் ஒரு கொல்லர்.

பட்டறையில் தொடங்கிய வாழ்க்கை

1901 ஏப்ரல் 8-ம் தேதி பாரிஸில் பிறந்த ப்ரூவே, வளர்ந்தது கிழக்கு பிரான்ஸில் உள்ள நான்சி நகரத்தில். அப்பா விக்டர் ப்ரூவே பெயர் பெற்ற ஓவியர். அம்மா பியானோ கலைஞர். பையனுக்கு இன்ஜினியர் ஆக வேண்டும் என்று ஆசை. ஆனால் முதல் உலகப் போர் வந்தது, வீட்டில் பணமும் இல்லை. படிப்பு போச்சு. 15 வயதில் பாரிஸுக்குப் பக்கத்தில் எமில் ரொபேர் என்ற இரும்புக் கலைஞரின் பட்டறையில் வேலை கற்கச் சேர்ந்தார். சம்மட்டி, உலை, பட்டடைக்கல் என்றுதான் அந்த வயது கழிந்தது.

1924-ல் நான்சியில் சொந்தப் பட்டறை. ஆரம்பத்தில் கேட், கைப்பிடி, விளக்குத் தண்டு மாதிரியான வேலைகள். இங்கேதான் அவருடைய பாதை மற்ற கொல்லர்களிடமிருந்து பிரிகிறது. கனமான இரும்புக் கம்பியை அடித்து வளைப்பதற்குப் பதில், மெல்லிய தகட்டை மடித்தால் என்ன என்று யோசித்தார். மின்சார வெல்டிங், தகடு மடிக்கும் இயந்திரம் என்று கையில் வந்த காசையெல்லாம் கருவிகளில் போட்டார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோணலாம். ஒரு காகிதத்தை நிற்க வைத்தால் விழுந்துவிடும். அதையே இரண்டாக மடித்து வைத்தால் நிற்கும். தகடும் அப்படித்தான். பலம் கனத்தில் இல்லை, மடிப்பில் இருக்கிறது. 1934-ல் அவர் வடிவமைத்த நாற்காலியைப் பார்த்தாலே இது புரியும். உட்காருபவரின் எடை அதிகமாக இறங்குவது பின் காலில். அதனால் பின் கால் மட்டும் தகட்டை மடித்த அகலமான உள்ளீடற்ற கால். முன் கால் சாதாரண குழாய். அந்த நாற்காலி இன்றும் தயாரிக்கப்படுகிறது.

பாரிஸ் பக்கத்தில் கிளிஷி என்ற ஊரில் 1939-ல் முடிந்த மக்கள் மன்றக் கட்டடத்தில் அவருடைய பங்கு பெரியது. கீழே சந்தை, மேலே அரங்கம். தளத்தைப் பிரித்து நகர்த்தலாம், கூரையைத் திறக்கலாம். வெளிச்சுவருக்கு எஃகுத் தகடு. பெரிய தகடு என்றால் நடுவில் அலையலையாக நெளியும் இல்லையா? இரண்டு தகட்டுக்கு நடுவே மெத்தையில் இருப்பது போன்ற ஸ்பிரிங்கை வைத்து, இழுத்துப் பிடித்த மாதிரி விறைப்பாக்கிவிட்டார்!

போர், மேயர் பதவி, வீடிழந்தவர்கள்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிரான்ஸைப் பிடித்துக்கொண்டது. எஃகு கிடைப்பது அரிதானது. பட்டறையை மூடாமல் இருக்க சைக்கிள் செய்தார், கிடைத்ததைப் போட்டு எரிக்கக்கூடிய அடுப்பு செய்தார். மறுபக்கம் எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தார். 1944-ல் நான்சி விடுதலையானதும் அவரையே மேயராக உட்கார வைத்தார்கள். கொஞ்ச காலம்தான், மறுபடி பட்டறைக்கே வந்துவிட்டார்.

அப்போது லொரேன் பகுதியில் குண்டுவீச்சில் வீடு இழந்த குடும்பங்கள் ஏராளம். 6 மீட்டருக்கு 6 மீட்டர், 6-க்கு 9 என்ற அளவில் பிரித்து மாட்டக்கூடிய வீடுகளை அரசுக்காகத் தயாரித்துக் கொடுத்தார். எஃகுச் சட்டம், மரப் பலகைச் சுவர். சில பேர் சேர்ந்தால் ஒரே நாளில் நிறுத்திவிடலாம்.

அலுமினியம் எங்கே வந்தது?

1886-ல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹால், பிரான்ஸில் பால் ஏரூ என இரண்டு இளைஞர்கள் தனித்தனியாக ஒரே மின் முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் அலுமினியம் விலை குறைந்தது. போர்க்காலத்தில் விமானத்துக்காக ஆலைகள் பெருகின. போர் முடிந்ததும் சிக்கல். இவ்வளவு அலுமினியத்தையும் யார் வாங்குவார்கள்? அலுமினிய நிறுவனங்களின் கண் கட்டுமானத் தொழில் பக்கம் திரும்பியது.

ப்ரூவேவுக்கும் அது தேவைப்பட்டது. எஃகின் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். காற்றுப் பட்டதும் மேலே தானாகவே ஆக்சைடு படலம் உருவாகிவிடுவதால் இரும்பு மாதிரித் துருப்பிடித்து உதிராது. மென்மையான உலோகம் என்பதால் பஞ்சிங் இயந்திரத்தில் துளை போடுவதும் சுலபம். 1947-ல் நான்சியை ஒட்டிய மாக்செவிலில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. அங்கே வரைபவருக்கும் தகடு மடிப்பவருக்கும் நடுவில் சுவர் இல்லை. ஒரு யோசனை வந்தால் உடனே மாதிரி செய்து, உடைத்துப் பார்த்து, திருத்திவிடுவார்கள். ப்ரூவேவின் வெற்றிக்குக் காரணமே அந்த ஏற்பாடுதான்.

விமானத்தில் பறந்த வீடு

அங்கிருந்து வந்ததுதான் வெப்பமண்டல வீடு. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் பிரெஞ்சுக் காலனிகள் இருந்த காலம் அது. அங்கே வேலைக்குப் போகும் அதிகாரிகளுக்கு வீடு தேவை. ப்ரூவே, கட்டடக் கலைஞரான தம்பி ஆன்றியோடு சேர்ந்து வடிவமைத்தார். தகடு மடிக்கும் இயந்திரத்தின் அளவு சுமார் 4 மீட்டர் என்பதால் எந்த உறுப்பும் அதைத் தாண்டாது. கனமான உறுப்புகூட இரண்டு பேர் தூக்கும் அளவு. மொத்த வீட்டையும் சரக்கு விமானத்தில் ஏற்றலாம். 1949-ல் முதல் வீடு நைஜரின் நியாமேவுக்குப் போனது. 1951-ல் காங்கோவின் பிராசவிலில் மேலும் இரண்டு.

வெளியே, வெயிலைத் திருப்பியடிக்கும் அலுமினியத் தடுப்புகள். தேவைக்கேற்ப திருப்பி வைக்கலாம். அதற்கு உள்ளே ஒரு வராந்தா. அதற்கும் உள்ளே, கப்பல் ஜன்னல் மாதிரி வட்டத் துளைகள் போட்ட அலுமினியப் பலகைச் சுவர். துளைகளில் நீலக் கண்ணாடி. வெளிச்சம் வரும், கண் கூசாது. கூரை இரட்டை அடுக்கு. சூடான காற்று நடுவில் ஏறி வெளியேறிவிடும். ஏசி இல்லை.

துளை ஏன் வட்டமாக இருக்கிறது? அழகுக்கு மட்டும் இல்லை. சதுரத் துளையின் மூலையில் விசை குவிந்து, விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். வட்டத்துக்கு மூலையே இல்லை. துளையின் விளிம்பை லேசாக மடித்துவிட்டால் தகடு இன்னும் விறைப்பாகும்.

இன்றைய பெர்ஃபரேட்டட் ஷீட்டில் இருக்கும் பொடித் துளைகள் வேறு கணக்கு. ஒன்றுவிட்டு ஒன்று தள்ளிய வரிசையில், 5 மி.மீ துளைகளை மையத்திலிருந்து மையத்துக்கு 8 மி.மீ இடைவெளியில் போட்டால் தகட்டின் பரப்பில் சுமார் 35 சதவீதம் திறந்துவிடும். மீதி நிழல். அதைக் கண்டுபிடித்தவர் ப்ரூவே என்று சொல்ல முடியாது, சல்லடை அவருக்கு ரொம்ப முந்தியது. ஆனால் கட்டடத்தின் தோலையே தகட்டால் செய்து, வெயிலையும் காற்றையும் அதில் இருக்கும் திறப்புகளாலேயே கட்டுப்படுத்தலாம் என்ற யோசனையை வீடு என்ற அளவுக்குக் கொண்டுபோனவர்களில் அவர் முன்னோடி.

வியாபாரம்? படுதோல்வி. உள்ளூரில் கட்டுவதைவிடச் செலவு குறையவில்லை. தகரக் கொட்டகை மாதிரி இருக்கும் இந்த வீட்டில் குடியேற காலனி அதிகாரிகளும் விரும்பவில்லை. ஆயிரக்கணக்கில் போகும் என்று நினைத்த வீடு மூன்றோடு நின்றுபோச்சு. ஆப்பிரிக்க மக்களின் வீட்டுத் தேவை என்ன என்று அந்தத் திட்டத்தில் யாரும் கேட்கவே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கையை விட்டுப் போன தொழிற்சாலை

மாக்செவிலை நடத்தப் பணம் வேண்டியிருந்தது. பிரெஞ்சு அலுமினியத் தொழிலின் விற்பனைக் கூட்டமைப்பான அலுமினியம் ஃபிரான்சே முதலீட்டாளராக உள்ளே வந்தது. ப்ரூவேவின் கணக்கு: தகடும் கிடைக்கும், பணமும் கிடைக்கும். நிறுவனத்தின் கணக்கு: தகடு அதிகம் விற்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பெரும்பான்மைப் பங்கு அவர்கள் கைக்குப் போனது. வரையும் பிரிவையும் செய்யும் பிரிவையும் பிரித்தார்கள். யோசிப்பவர் ஒரு இடம், தகடு மடிப்பவர் ஒரு இடம். அவர் எதை நம்பி வாழ்ந்தாரோ அதிலேயே கை வைத்தாச்சு. 1953-ல் தன் பெயர் கொண்ட தொழிற்சாலையை விட்டு வெளியேறினார். வயது 52. அதற்குப் பிறகு அவருக்கு என்று ஒரு பட்டறை அமையவே இல்லை.

அடுத்த வருஷம் நடந்தது இன்னும் விசித்திரம். 1854-ல் பிரான்ஸில் சேன்ட்-கிளேர் தெவில் ரசாயன முறையில் அலுமினியம் தயாரித்ததன் நூற்றாண்டு விழா. பாரிஸில் சென் ஆற்றங்கரையில் சுமார் 150 மீட்டர் நீள அலுமினிய மண்டபம் எழுந்தது. வடிவமைத்தவர் யார் தெரியுமா? அதே ப்ரூவேதான்!

அதே 1954 கோடையில் நான்சியில் தனக்கென்று ஒரு வீடும் கட்டினார். கட்டவே முடியாது என்று மற்றவர்கள் ஒதுக்கிய செங்குத்தான மலைச்சரிவு. தொழிற்சாலையில் மிச்சமிருந்த உறுப்புகளை ஜீப்பில் மேலே இழுத்து, குடும்பமும் நண்பர்களுமாகச் சேர்ந்து நிறுத்தினார்கள். சுமார் 27 மீட்டர் நீளத்துக்கு ஒல்லியான வீடு. அதன் சுவரிலும் வட்டத் துளை போட்ட அலுமினியப் பலகைகள். பெரிய திட்டங்களுக்காகத் தயாரான தகடுகள் கடைசியில் செய்தவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தன.

1956-ல் வீடற்றவர்களுக்காகக் குரல் கொடுத்த பாதிரியார் அபே பியருக்காக ஒரு மலிவு வீடு. சென் கரையில் 7 மணி நேரத்தில் நின்றது. ஆனால் அரசு அங்கீகாரம் கிடைக்கவில்லை. பெருமளவில் தயாரிக்கும் திட்டமும் அதோடு சரி.

பிறகு ஒரு தொழில் நிறுவனத்தில் வேலை, பாரிஸில் 1957 முதல் பேராசிரியர் பணி. 1971-ல் பாம்பிடு கலை மையத்துக்கான போட்டியில் நடுவர் குழுத் தலைவர் இவர்தான். வந்தது 681 வடிவமைப்புகள். குழாயும் சட்டமும் வெளியே தெரியும் ஒரு விநோதக் கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தது குழு. வரைந்தவர்கள் அப்போது அதிகம் அறியப்படாத ரென்சோ பியானோவும் ரிச்சர்ட் ராஜர்ஸும். இந்தியாவுக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. சண்டிகர் நகரத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான பியர் ஜென்னரே, 1940-களில் ப்ரூவேவோடு சேர்ந்து வேலை பார்த்தவர்.

1984 மார்ச் 23-ல் நான்சியில் ப்ரூவே காலமானார்.

ஆப்பிரிக்காவில் இருந்த மூன்று வீடுகளையும் பல ஆண்டுகள் கழித்து பாரிஸ் பழம்பொருள் வியாபாரி ஒருவர் வாங்கிப் பிரித்து பிரான்ஸுக்குக் கொண்டு வந்தார். பிராசவில் வீட்டுத் தகடுகளில் ப்ரூவே போடாத துளைகளும் இருந்தன. எல்லாம் காங்கோ உள்நாட்டுப் போரின் துப்பாக்கிக் குண்டுகள் போட்டவை. அதில் ஒரு வீடு 2007 ஜூனில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சுமார் 50 லட்சம் டாலருக்குப் போனது. நியாமேவில் வீடு நின்ற இடத்தில் சிமென்ட் மேடை மட்டும் மிஞ்சியது.