எர்னெஸ்ட் தாம்சன் சீட்டன்

எர்னெஸ்ட் தாம்சன் சீட்டன் (ஆகஸ்ட் 14, 1860 – அக்டோபர் 23, 1946) ஓர் இயற்கையியலாளர், ஓவியர், எழுத்தாளர் ஆவார். இங்கிலாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, வாழ்வின் பிற்பகுதியை ஐக்கிய அமெரிக்காவில் கழித்தவர். விலங்குக் கதைகளால் உலகப் புகழ் பெற்றார். சிறுவர்களைக் கூடாரங்களில் தங்க வைத்து, திறந்தவெளியில் இயற்கையைக் கற்பிக்கும் முகாம் முறைக்குத் தெளிவான வடிவம் கொடுத்தவர்களுள் இவர் குறிப்பிடத்தக்கவர். 1902 ஆம் ஆண்டில் இவர் தொடங்கிய வனக்கலை இயக்கம் சாரணியத்தின் முன்னோடிகளுள் ஒன்று. ஆயினும் சாரணர் வரலாற்றில் பேடன் பவலின் பெயர் பெற்ற இடத்தை இவர் பெயர் பெறவில்லை. அதற்கான காரணங்கள் இவருடைய வாழ்க்கையிலேயே உள்ளன.

இளமை

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள சவுத் ஷீல்ட்ஸ் என்னும் துறைமுக ஊரில் சீட்டன் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் எர்னெஸ்ட் இவான் தாம்சன். கப்பல் உரிமையாளராக இருந்த தந்தை தொழிலில் நொடித்துப் போகவே, குடும்பம் 1866 இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தது. ஒண்டாரியோ மாகாணத்தில் லிண்ட்சே என்னும் ஊருக்கு அருகே காட்டை வெட்டித் திருத்திய நிலத்தில் சில ஆண்டுகள் வேளாண்மை செய்தபின், 1870 இல் டொராண்டோ நகருக்கு வந்து சேர்ந்தது.

நகரையொட்டிய டான் ஆற்றுப் பள்ளத்தாக்கே சிறுவன் எர்னெஸ்ட்டின் உண்மையான பள்ளிக்கூடம் எனலாம். அங்கு யாருக்கும் தெரியாமல் மரக்கட்டைகளைக் கொண்டு சிறு குடில் ஒன்றை அமைத்து, பறவைகளைக் கவனிப்பதில் நேரத்தைச் செலவிட்டான். ஒரு நாள் அந்தக் குடிலை நாடோடிகள் சிலர் பிடித்துக் கொண்டிருந்ததைக் கண்டு மனம் உடைந்ததாகப் பிற்காலத்தில் எழுதியுள்ளார். 1903 இல் வெளிவந்த இரண்டு சிறு காட்டுவாசிகள் என்னும் சிறுவர் நூலில் இந்த இளமைக்கால அனுபவங்கள் பெரிதும் இடம்பெறுகின்றன.

மகன் இயற்கையியலாளன் ஆவதைத் தந்தை விரும்பவில்லை. ஓவியம் படிக்க வைத்தார். இலண்டன் அரச கலைக்கழகத்தின் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கிருந்தபோது பிரித்தானிய அருங்காட்சியக நூலகத்தில் இயற்கை வரலாற்று நூல்களைப் படிக்க முயன்றார். வயது போதாது என்று மறுக்கப்பட்டதால், இளவரசர், பிரதமர், தலைமைப் பேராயர் ஆகியோருக்கே கடிதம் எழுதி வாழ்நாள் அனுமதி பெற்றாராம். போதிய உணவின்றி உடல்நலம் குன்றி 1881 இல் கனடா திரும்பினார்.

இருபத்தோராவது பிறந்தநாளை ஒட்டித் தந்தை தம்மிடம் ஒரு கணக்குப் பட்டியலை நீட்டினார் என்று சீட்டன் தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். பிரசவம் பார்த்த மருத்துவரின் கட்டணம் முதல், மகனை வளர்க்க ஆன செலவு முழுவதும் அதில் இருந்ததாம். மொத்தம் 537 டாலர் 50 சென்ட். கதை சொல்வதில் வல்லவரான சீட்டன் இதை ஓரளவு மெருகேற்றியிருக்கக் கூடும். ஆனால் கண்டிப்பான பெரியவர்களின் அதிகாரத்தின் மீது அவருக்கு இருந்த வெறுப்பைப் புரிந்துகொள்ள இச்செய்தி உதவும். பின்னாளில் அவர் அமைத்த முகாம்களில் அந்த வெறுப்பின் சாயல் உண்டு.

மானிடோபாவும் லோபோவும்

1882 இல் மானிடோபாவின் கார்பெரி என்னும் ஊரில் இருந்த தமையனின் நிலத்துக்குச் சென்றார். உழவு வேலையில் அவர் அதிகம் உதவியதாகத் தெரியவில்லை. புல்வெளியில் அலைந்து விலங்குகளையும் பறவைகளையும் வரைந்து, அளந்து, குறிப்பேடுகளில் பதிவு செய்தார். மானிடோபாவின் பறவைகள் பற்றிய அவருடைய ஆய்வு 1891 இல் வெளியானது. அடுத்த ஆண்டு மாகாண அரசு அவரைத் தன் இயற்கையியலாளராக நியமித்தது.

1893 இல் நியூ மெக்சிக்கோவின் குரம்பா சமவெளியில் கால்நடைகளைக் கொன்றுவந்த ஓநாய்களை ஒழிக்க, பண்ணை உரிமையாளர் ஒருவரின் அழைப்பில் சென்றார். அக்கூட்டத்தின் தலைவனான லோபோ என்னும் ஓநாயின் தலைக்கு 1000 டாலர் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. நஞ்சு வைத்த இறைச்சிக்கும் இரும்புப் பொறிக்கும் அது சிக்கவில்லை. முதலில் அதன் துணையான பிளாங்காவைப் பிடித்துக் கொன்றார் சீட்டன். துணையைத் தேடி அலைந்த லோபோ எச்சரிக்கை தவறிப் பொறிகளில் மாட்டிக்கொண்டு, 1894 ஆம் ஆண்டு சனவரி இறுதியில் இறந்தது. வேட்டைக்காரராகச் சென்றவர் அந்த இறப்பில் தம் குற்றத்தை உணர்ந்தார். அதன்பின் காட்டுயிர்ப் பாதுகாப்புக்காக எழுதுவதும் பேசுவதும் அவருடைய வாழ்நாள் பணியாயிற்று. கையொப்பத்துடன் ஓநாயின் காலடித் தடம் ஒன்றை வரைவதும் அவர் வழக்கம்.

லோபோவின் கதையை முதலாவதாகக் கொண்டு 1898 இல் வெளிவந்த நான் அறிந்த காட்டு விலங்குகள் என்னும் நூல் அவருக்குப் பெரும் புகழையும் செல்வத்தையும் தேடித் தந்தது. 1903 இல் மூத்த இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ், சீட்டன் முதலானோர் விலங்குகளுக்கு மனித அறிவை ஏற்றிப் பொய் எழுதுவதாக ஒரு கட்டுரையில் கடுமையாகத் தாக்கினார். சீட்டன் கட்டுரையால் மறுமொழி கூறாமல், வடபகுதி விலங்குகளின் வாழ்க்கை வரலாறுகள் என்னும் இரு தொகுதிகளை 1909 இல் வெளியிட்டார். 1925 முதல் 1928 வரை வந்த வேட்டை விலங்குகள் பற்றிய நான்கு பெருந்தொகுதிகள் இதன் விரிவு. கதைகளைக் குறை கூறியவர்களும் இவற்றின் அறிவியல் மதிப்பை ஏற்றுக்கொண்டனர்.

முதல் முகாம்

புத்தக வருவாயைக் கொண்டு கனெடிகட் மாநிலத்தின் காஸ் காப் என்னும் ஊரில் சீட்டன் பெரிய நிலப்பரப்பு ஒன்றை வாங்கி, வேலி அடைத்துக் காட்டுயிர்ப் புகலிடமாக்கினார். தாங்கள் வழக்கமாகத் திரிந்த இடம் அடைபட்டதால் ஊர்ச் சிறுவர்கள் சினம் கொண்டனர். வேலியை உடைத்தனர், வாயிற்கதவில் ஆபாசப் படங்களை வரைந்தனர். சீட்டன் மீண்டும் வண்ணம் பூசுவதும், அவர்கள் மீண்டும் கிறுக்குவதுமாகச் சில வாரங்கள் சென்றன.

காவலரிடம் முறையிடுவதற்குப் பதிலாக, 1902 ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் அவர் உள்ளூர்ப் பள்ளிக்குச் சென்று, ஈஸ்டர் விடுமுறையில் தம் நிலத்தில் தங்க வருமாறு சிறுவர்களை அழைத்தார். அவர் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக, நாற்பதுக்கும் மேற்பட்டோர் வந்தனர். ஓடினார்கள், நீந்தினார்கள், வயிறார உண்டார்கள். இரவானதும் தீயைச் சுற்றி அமர வைத்து, அமெரிக்கப் பழங்குடியினரின் கதைகளைச் சொன்னார். பிறகு, நமக்கும் ஒரு குடி வேண்டாமா என்னும் வகையில் பேச்சைத் திருப்பி, தலைவரை அவர்களையே தேர்ந்தெடுக்கச் செய்தார். தேர்ந்தெடுக்கப்பட்டவன் அவ்வூரின் முதன்மைக் குறும்பன் என்று சீட்டன் எழுதியுள்ளார். தாம் தலைமை ஏற்காமல், ஆலோசனை கூறும் மருத்துவர் என்ற இடத்தோடு நின்றுகொண்டார்.

வேலியை உடைத்தவர்களே வேலிக்குள் இருந்தவற்றின் காவலர்கள் ஆயினர். வனக்கலை இந்தியர் கழகம் இவ்வாறு உருவானது. அதன் வழிமுறைகளைச் சீட்டன் அதே ஆண்டில் மாத இதழ் ஒன்றில் தொடராக எழுதினார். அவை பிர்ச் மரப்பட்டைச் சுருள் என்னும் கையேடாகப் பல பதிப்புகள் கண்டன.

முகாம் முறை

இம்முறையில் மூன்று கூறுகள் முக்கியமானவை. முதலாவது தன்னாட்சி. சட்டங்களைச் சிறுவர் அவையே நடைமுறைப்படுத்தியது. இரண்டாவது, போட்டியின்மை. ஒருவனை வீழ்த்தி மற்றவன் பரிசு பெறும் முறையைச் சீட்டன் விரும்பவில்லை. குறித்த எண்ணிக்கையில் மரங்களையோ பறவைகளையோ அடையாளம் காண்பவர், குறித்த நேரத்துக்குள் கடைந்து தீ உண்டாக்குபவர் என, அளவை எட்டிய எவரும் இறகு ஒன்றைச் சிறப்புச் சின்னமாகப் பெறலாம். எத்தனை பேர் எட்டினாலும் அத்தனை பேருக்கும் இறகு உண்டு. தேர்வுத் தரவரிசையிலேயே வளர்ந்த நமக்கு இது சற்று வியப்பாகத் தோன்றக்கூடும்.

மூன்றாவது, நிலத்துக்குத் தீங்கு செய்யாமை. காவல் இன்றித் தீயை விட்டுச் செல்லக் கூடாது, பாடும் பறவைகளைத் துன்புறுத்தக் கூடாது, வேட்டைச் சட்டங்களை மீறக் கூடாது, முகாமை அழுக்காக்கக் கூடாது என்பன கழகத்தின் தொடக்ககால விதிகளுள் சில. தீப்பெட்டி இருக்கும்போது தீக்கடைகோல் (சங்க நூல்கள் ஞெலிகோல் என்று கூறுவது) எதற்கு என்று கேட்கலாம். எந்த மரம் மென்மையானது, எது காய்ந்தது, எந்தப் பட்டை நன்கு தீப்பற்றும் என்பவற்றை அறியாமல் கடைந்து தீ உண்டாக்க இயலாது. ஒரு பொறி தோன்றுவதற்குள் சிறுவன் காட்டைப் பற்றிப் பல செய்திகளைக் கற்றுவிடுகிறான்.

சீட்டன் வேளாண்மை கற்பித்தவர் அல்லர். பெர்மாகல்ச்சர் என்னும் சொல்லே, பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் ஆஸ்திரேலியாவில் 1978 இல் வெளியிட்ட நூலின் வழியாகத்தான் பரவியது. எனினும், நிலத்தை முதலில் கவனி, பிறகு கைவை என்று அத்துறையின் பள்ளி முகாம்கள் வலியுறுத்தும் வரிசை வனக்கலை முகாம்களிலும் இருந்தது. இது நேரடித் தொடர்ச்சி அன்று, ஒப்புமை மட்டுமே.

சாரணியமும் பிரிவும்

1906 இல் தம் கையேட்டைச் சீட்டன் பேடன் பவலுக்கு அனுப்பினார். அவ்வாண்டு அக்டோபரில் இருவரும் இலண்டனில் சந்தித்தனர். 1908 இல் வெளிவந்த பேடன் பவலின் சாரணர் நூலில் தம் விளையாட்டுகளும் கருத்துகளும் உரிய நன்றியின்றி எடுத்தாளப்பட்டதாகச் சீட்டன் கருதினார். அந்நூலில் அவர் பெயர் சில இடங்களில் வருகிறது என்பதையும், பேடன் பவலுக்குப் படையில் பெற்ற சொந்த அனுபவமும் வேறு மூலங்களும் இருந்தன என்பதையும் சேர்த்தே இந்தக் குறையை எடைபோட வேண்டும்.

1910 இல் அமெரிக்கச் சிறுவர் சாரணர் இயக்கம் தொடங்கியபோது சீட்டன் அதன் தலைமைச் சாரணர் ஆனார். முதல் கையேட்டையும் உருவாக்கினார். ஆனால் இயக்கத்தின் நிர்வாகத் தலைவரான வழக்கறிஞர் ஜேம்ஸ் வெஸ்ட்டுக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. ஐரோப்பாவில் போர் மூண்டிருந்த காலம் அது. நாட்டுப்பற்றும் ஒழுங்கும் முன்னிறுத்தப்பட்டன. காடு பின்னுக்குத் தள்ளப்பட்டதாகச் சீட்டன் எண்ணினார். அவர் அமெரிக்கக் குடிமகன் அல்லர் என்பது வெளிப்படையான காரணமாகக் காட்டப்பட்டது. 1915 இல் அவர் பொறுப்பு முடிவுக்கு வந்தது. குடியுரிமையை அவர் பெற்றது 1931 இல்தான்.

பிறகு அவர் நடத்திய அமெரிக்க வனக்கலைக் கழகம் இருபாலருக்கும் எல்லா வயதினருக்கும் திறந்திருந்தது. அமெரிக்கச் சிறுவர் சாரணர் இயக்கம் தன் முதன்மைப் பிரிவில் சிறுமியரைச் சேர்த்தது 2019 ஆம் ஆண்டில் என்பதை இதனுடன் ஒப்பிடலாம். ஆயினும் கழகம் உறுப்பினர் எண்ணிக்கையில் சாரணர் இயக்கத்தை நெருங்கவே இல்லை.

பழங்குடியினர் பற்றிய பார்வை

சீட்டன் பழங்குடியினரை மதித்தார். ஷானி இனத் தலைவர் டெக்கம்சேயைச் சிறுவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டினார். அவர்களை இழிவாகப் பேசுவதே இயல்பாக இருந்த காலத்தில் இது துணிவானது. மறுபுறம், பல வேறு இனங்களின் ஆடை, நடனம், சடங்கு ஆகியவற்றை ஒன்றாகக் கலந்து, கற்பனையான ஒரே இந்தியனை உருவாக்கினார் என்னும் குற்றச்சாட்டும் நியாயமானதே. வெள்ளைச் சிறுவர்கள் முகாமில் இறகு சூடி ஆடிய அதே ஆண்டுகளில், பழங்குடியினரின் சமயச் சடங்கு நடனங்கள் பல அமெரிக்க அரசின் விதிகளால் தடை செய்யப்பட்டிருந்தன. உறைவிடப் பள்ளிகளில் பழங்குடிப் பிள்ளைகள் தாய்மொழியில் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டனர். டகோட்டா இனத்தைச் சேர்ந்த மருத்துவரும் எழுத்தாளருமான சார்லஸ் ஈஸ்ட்மன் 1914 இல் முகாம் சிறுவர்களுக்காகத் தாமே ஒரு நூல் எழுதினார். அதைச் சீட்டனின் நூல்களோடு அருகருகே வைத்துப் படிப்பது பயன் தரும்.

பிரித்தானியாவில் தொடர்ச்சி

சீட்டனின் முறை அமெரிக்காவைவிடப் பிரித்தானியாவில் ஆழமாக வேரூன்றியது. 1916 இல் எர்னெஸ்ட் வெஸ்ட்லேக் வனக்கலை வீரர் அணியைத் தொடங்கினார். சாரணியத்தின் படைச் சாயலை வெறுத்து ஜான் ஹார்கிரேவ் 1920 இல் கிப்போ கிஃப்ட் இயக்கத்தை அமைத்தார். அதிலிருந்து பிரிந்தவர்களுள் ஒருவரான இளைஞர் லெஸ்லி பால் 1925 இல் வனக்கலை மக்கள் என்னும் அமைப்பை நிறுவினார். கூட்டுறவு இயக்கத்தோடு நெருக்கமான இவ்வமைப்பு இன்றும் சிறுவர் சிறுமியருக்கு முகாம்கள் நடத்துகிறது. வெஸ்ட்லேக்கின் அணியினர் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் 1930 இல் தொடங்கிய வனப்பள்ளி பத்து ஆண்டுகளே நீடித்தது. ஆனால் போருக்குப் பின் அதன் பழைய ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து தொடங்கிய வனப்பள்ளி முகாம்கள் தொடர்ந்து நடைபெறுகின்றன. செக் நாட்டிலும் இத்தகைய கழகம் ஒன்று உள்ளது.

இறுதிக் காலம்

1930 இல் சீட்டன் நியூ மெக்சிக்கோவின் சாண்டா ஃபே நகருக்கு அருகே குடியேறினார். 2500 ஏக்கர் நிலத்தில் சீட்டன் சிற்றூர் உருவாயிற்று. கோடைதோறும் இளைஞர் தலைவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அங்குப் பயிற்சி முகாம்கள் நடத்தினார். 1896 இல் அவரை மணந்த கிரேஸ் கலாட்டின் எழுத்தாளர். பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடியவர். அவர்களின் மகள் ஆன்யா சீட்டன் வரலாற்றுப் புதினங்களால் புகழ் பெற்றார். 1935 இல் மணவிலக்குப் பெற்ற சீட்டன், ஜூலியா பட்ரீயை மணந்தார். 1940 இல் தன்வரலாறு வெளியானது.

1946 ஆம் ஆண்டு அக்டோபர் 23 அன்று தம் 86 ஆம் வயதில் சீட்டன் காலமானார். அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1960 இல் அவருடைய சாம்பல் விமானத்திலிருந்து சீட்டன் சிற்றூரின் குன்றுகள் மீது தூவப்பட்டது. சீட்டன் கோட்டை என்று அழைக்கப்பட்ட அவர் வீடு 2005 இல் புதுப்பிக்கப்பட்டுக் கொண்டிருந்தபோது தீயில் அழிந்தது. ஓவியங்கள், நூல்கள், லோபோவின் தோல் ஆகியவை முன்னரே வேறிடத்துக்குச் சென்றிருந்ததால் தப்பின. அவை நியூ மெக்சிக்கோவின் ஃபில்மாண்ட் பண்ணையில் சீட்டன் பெயரால் அமைந்த நினைவு நூலகத்தில் உள்ளன. அந்தப் பண்ணை, 1915 இல் அவரை விலக்கிய சாரணர் இயக்கத்துக்கு உரியது.