நாடு திரும்ப 42 வருஷம்: யார் இந்த ரஃபேல் குபெலிக்?

1948. செக் நாட்டில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த வருஷம். எடின்பரோ விழாவில் ஆபரா நடத்தப் போன ரஃபேல் குபெலிக் ஊர் திரும்பவில்லை. அப்போது வயது 34. செக் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் தலைமை நடத்துநர் பதவியையும் விட்டுவிட்டார். நாஜிக் காலத்தைப் பார்த்தவருக்கு, இன்னொரு சர்வாதிகாரத்தின் கீழ் வாழ மனசில்லை.

சிகாகோவில் விமர்சகர்கள் பாடாய்ப் படுத்த, மூணே வருஷத்தில் கிளம்பினார். அடுத்து லண்டன் கோவென்ட் கார்டன். மியூனிக்கில்தான் நிலைத்தார்: பவேரிய ரேடியோ சிம்பொனியில் 1961 முதல் 18 வருஷம். மாலரின் சிம்பொனிகளை அங்கேதான் பதிவு செய்தார். இன்னிக்கும் தேடிக் கேட்கலாம்.

1985-ல் உடல்நலக் குறைவால் ஓய்வு. ஆனால் 1989-ல் அந்த ஆட்சி கவிழ்ந்ததும், அடுத்த மே மாதமே பிராக் வந்து, தன் பழைய குழுவோடு ஸ்மெட்டனாவின் 'என் தாய்நாடு' படைப்பை மேடையேற்றினார். 1996-ல் மறைந்தார்.