பெர்மா என்னும் கணித மேதை

கணிதத்தையே தொழிலாகக் கொண்டு அதிலே புகழ் பெற்றோர் பலர். நீதிமன்றத்திலே ஊழியம் புரிந்து, ஓய்வு வேளையில் மட்டும் எண்களோடு உறவாடி, அத்தொழிலாளரையெல்லாம் விஞ்சி நின்றவர் பியர் டி பெர்மா. அன்னாரின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் நன்று.

பிரான்சு தேசத்தின் தென்பாகத்திலே போமோன் என்னும் ஊரில், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோல் வணிகர் ஒருவரின் மைந்தராக இவர் பிறந்தார். சட்டம் பயின்று 1631இல் துலூசு நகர நீதிமன்றத்திலே பதவி ஏற்றார். அவ்வாண்டிலேயே இல்லறமும் புகுந்தார். 1653இல் கொள்ளைநோய் பரவியபோது இவர் இறந்தார் என்றொரு பொய்ச்செய்தி உலாவியதும் உண்டு.

தாம் கண்டவற்றை நூலாக்கும் ஆசை இவருக்கு இருந்ததில்லை. பாரிசிலிருந்த துறவி மெர்சென் முதலியோருக்கு எழுதிய கடிதங்களே இவருடைய ஏடுகள். 1643இல் மெர்சென் 100895598169 என்னும் எண் முதன்மையெண்தானா என்று வினவினார். தன்னாலும் ஒன்றாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணே முதன்மையெண் என்பது யாவரும் அறிந்ததே. ஓர் எண் அத்தகையதா என அறிய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள முதன்மையெண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பதே பழைய வழி. மேற்சொன்ன எண்ணுக்கு இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட முதன்மையெண்களைச் சோதிக்க நேரும்! பெர்மாவோ, அது 112303ஐ 898423ஆல் பெருக்க வருவது என விடை எழுதினார்.

எனினும் இவர் பெயரை நிலைநிறுத்தியது, 1640இல் பிரெனிக்கிள் என்பவருக்கு எழுதிய ஓர் உண்மையாகும். ஏதேனும் ஓர் ஒற்றை முதன்மையெண்ணை எடுங்கள். அதிலும் ஒன்று குறைந்த எண்ணைச் சுட்டியாகக் கொண்டு 2இன் வலுவைக் கண்டு, அதிலிருந்து 1ஐக் கழியுங்கள். எஞ்சுவது அம்முதன்மையெண்ணால் மீதியின்றி வகுபடும். 7ஐ எடுத்தால் 2இன் ஆறாம் வலு 64. 1 போக 63. அது 7ஆல் வகுபடுகிறது. 9ஐ எடுத்தால் 2இன் எட்டாம் வலு 256; 1 போக 255; 9ஆல் வகுக்க 3 மீதி. ஆகவே 9 முதன்மையெண் அன்று. இங்கே 9இன் காரணி எதையும் நாம் தேடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காரணி இன்னதென்று அறியாமலே, காரணி உண்டு என்று துணியலாம்! 2க்குப் பதிலாக, அம்முதன்மையெண்ணால் வகுபடாத வேறெந்த எண்ணையும் கொள்ளலாம். இதன் நிறுவலை அவர் எழுதி வைக்கவில்லை. 1736இல் ஒயிலரே அதனை அளித்தார்.

இத்தகைய மேதையும் ஓரிடத்தில் இடறினார். 2இன் 1, 2, 4, 8, 16ஆம் வலுக்களோடு ஒன்றைக் கூட்ட வரும் 3, 5, 17, 257, 65537 யாவும் முதன்மையெண்களே. இவ்வரிசை முழுவதும் அவ்வாறே அமையும் என அவர் நம்பினார்; நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் மறைத்தாரல்லர். அடுத்த எண் 4294967297. அது 641ஆல் வகுபடும் என ஒயிலர் 1732இல் காட்டினார். விந்தை யாதெனில், பெர்மாவின் சொந்தச் சோதனையே இதனைக் காட்டிக்கொடுத்திருக்கும். 2ஐ வைத்துச் சோதித்தால் இவ்வரிசை எண்கள் எப்போதும் தேறிவிடும். 3ஐ வைத்தாலோ, முப்பத்திரண்டு முறை வர்க்கித்து, முறைதோறும் மீதியை மட்டும் எடுத்துச் சென்றால் குட்டு வெளிப்படும். ஒரு நீதிபதிக்கு அது சில நாள் வேலைதான்.

1665 சனவரியில் காசுத்திரு நகரில் அவர் காலமானார். நூலோரத்தில் அவர் எழுதிய குறிப்புக்களை 1670இல் மகன் சாமுவேல் அச்சிட்டார்.

சோதனையில் தவறும் எண் எப்போதும் பகுபடுவதே. தேறும் எண்ணை மட்டும் உடனே நம்பலாகாது. 341 என்பது 11ஐ 31ஆல் பெருக்க வருவது. ஆயினும் 2ஐ வைத்துச் சோதிக்கத் தேறிவிடுகிறது. 561 இன்னும் பொல்லாதது. 3, 11, 17 என்னும் தன் காரணிகளால் வகுபடாத எவ்வெண்ணைக் கொண்டு சோதிப்பினும் அது தேறிவிடும். இவ்வேமாற்றுக்கு இடந்தராததும், இலக்கங்கள் பெருகினும் வேலை அளவுகடந்து பெருகாததுமான வழியொன்றை, பெர்மாவின் அதே உண்மையை விரித்து, 2002இல் இந்தியாவின் கான்பூர் தொழினுட்ப நிறுவனத்திலே மணீந்திர அகர்வால் தம் மாணவர் நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோருடன் கண்டு வெளியிட்டார்.